முடி கொட்டுதா? முதல்ல தட்டைப் பாருங்க

ஹாஸ்டலில் யாருக்கு முடி கொட்டினாலும் ரெடிமேடா ஒரு பதில் இருக்கு: "போர் தண்ணி மச்சி, உப்புத் தண்ணி." அடுத்த நாளே வெங்காய எண்ணெய், சீரம், பயோட்டின் கம்மி என்று பார்சல் வந்து இறங்கும். "காலையில சாப்பிட்டியா? வயிறு ஒழுங்கா இருக்கா?" என்று மட்டும் யாரும் கேட்க மாட்டோம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கருத்து.

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்காக்கும். வேரோடு கொத்துக் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் உள்ளேயிருந்து வரும் பிரச்சினை. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். அதை உருவாக்க வேர்களுக்குப் புரதம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் வேண்டும். இவை எண்ணெய் வழியாகப் போகாது, ரத்தம் வழியாகத்தான் போகும். ரத்தத்துக்கு அனுப்புவது குடல். இரும்பு சிறுகுடலின் தொடக்கத்திலும், பி12 அதன் கடைசிப் பகுதியிலும் உறிஞ்சப்படுகின்றன. அதனால் சாப்பிட்டால் மட்டும் போதாது, சாப்பிட்டது உடம்பில் சேரவும் வேண்டும்.

சப்ளை குறைந்தால் உடம்பு என்ன செய்யும்? நம்ம ஊர் மின்வெட்டு மாதிரிதான். இதயம், மூளைக்கு கரண்ட் போகும், முடிக்கு கட். ஆனால் முடி உடனே கொட்டாது. டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சல், பட்டினி டயட், ரத்தசோகை என்று எது வந்தாலும் சுமார் 2-3 மாசம் கழித்துத்தான் கொட்ட ஆரம்பிக்கும். அதனால்தான் உண்மையான காரணத்தை மறந்துவிட்டு, நேற்று மாற்றிய ஷாம்பூவைத் திட்டுகிறோம்.

நம்ம பழக்கங்களைப் பாருங்க. எட்டே முக்கால் கிளாஸுக்கு எட்டரைக்கு எழுந்து காலைச் சாப்பாட்டுக்கு லீவு. மதியம் சாப்பிட்ட கையோடு டீ; டீயில் இருக்கும் டானின், சாப்பாட்டில் உள்ள இரும்பைச் சேரவிடாமல் தடுக்கும். ராத்திரி பரோட்டா, நெஞ்செரிச்சல், ஒரு கேஸ் மாத்திரை. இரும்பும் பி12-ம் உடம்பில் சேர வயிற்று அமிலம் வேண்டும். அதைக் குறைக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் மாசக்கணக்கில் போடுவது சரியா?

இன்னொரு பக்கமும் சொல்லணும். வயிறு சரியானால் எல்லா வழுக்கையும் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. பரம்பரை வழுக்கை வேற, தைராய்டு வேற. குடல் பாக்டீரியாவுக்கும் முடிக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆராய்ச்சி இன்னும் ஆரம்பக் கட்டத்தில்தான் இருக்கு. அதற்குள் பவுடர் விற்க வந்துட்டாங்க. பயோட்டின் குறைபாடும் அரிதுதான். அதிக அளவில் எடுத்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவே தப்பாக வரலாம்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் வாரக்கணக்கில் கொட்டினால், சீரம் வாங்கும் காசில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு டெஸ்ட் எடுத்து டாக்டரிடம் காட்டுங்க. கூடவே அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடை குறைவு என்று இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்க. வட்டமாகத் திட்டுத்திட்டாகக் கொட்டினால் தள்ளிப்போடாதீங்க. டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளி வையுங்க. கீரை, பருப்போடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

இது அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. லேபில் நிற்கும்போது தலைசுற்றல், படிக்க உட்கார்ந்தால் அசதி என்று நம்ம தோழிகள் சொல்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். முடி கொட்டுவது அதோட வெளியே தெரியும் ஒரு அறிகுறி.

அதனால் அடுத்த மெஸ் கமிட்டி மீட்டிங்கில் சாம்பார் தண்ணியா இருக்கு என்பதோடு நிறுத்தாதீங்க. சாயங்கால போண்டாவுக்குப் பதில் சுண்டல், வாரம் ரெண்டு நாள் கீரை, முட்டை வேண்டாம் என்பவர்களுக்கு வேர்க்கடலை என்று எழுதிக் கொடுங்க. முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பலன் தெரிய சில மாசம் ஆகும். அரியரை கிளியர் பண்ணக் காட்டும் பொறுமையில் பாதி இருந்தால் போதும்.