நொண்டுவது தெரியட்டும்

எடப்பாடியில் விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. பள்ளி ஆண்டு விழா ஆட்டத்தில் எனக்கு இடமில்லை. சுதா சந்திரனைப் பற்றிப் பேச மட்டும் இடமிருந்தது. 1981இல் திருச்சி அருகே விபத்து, வலது கால் போனது, ஜெய்ப்பூர் கால் பொருத்தி மீண்டும் பரதம், 1985இல் ‘மயூரி’யில் தன் கதையில் தானே நடித்தது. மூன்று வருடமும் இதே பேச்சு. கைதட்டினார்கள். பிறகு என்னைத் தவிர எல்லோரும் ஆடினார்கள்.

சுதா சந்திரனோடு எனக்குச் சண்டையில்லை. அவர் பட்ட வலியும் பெற்ற மேடையும் அவருடையவை. அவரைக் காட்டி எங்களை அளக்கிறவர்களோடுதான் சண்டை. கால் இல்லையென்பதே தெரியாமல் ஆடினாரே என்பதுதான் இவர்களது பாராட்டு. ஊனம் தெரியாவிட்டால் மேடை, தெரிந்தால் பேச்சுப்போட்டி!

பெண் பார்க்க வந்தபோதும் இதே கதை. அவர்கள் வருமுன்பே என்னைப் பாயில் உட்கார வைத்துவிட்டார்கள். போகும்வரை எழக்கூடாது.

நொண்டுவது தெரியாமல் நடக்க இருபது வருடம் பாடுபட்டேன். அதுதான் என்னை உடைத்தது என்று நினைக்கிறேன். மருத்துவர் வேறு காரணங்களும் சொன்னார், இருக்கட்டும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மாத்திரை எடுப்பது தெரிந்ததும் பெரியம்மா கேட்டார்: “காலுதான் இப்படின்னா புத்தியுமா கண்ணு?” 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகை ஊனங்களில் மனநோயும் ஒன்று. வீட்டுக் கணக்கில் கால் மட்டும்தான். மாரியம்மன் பண்டிகையில் சாமி வந்து ஆடும் பெண்ணைத் தாங்கிப் பிடித்துத் திருநீறு பூசுகிறோம். அதே பெண் மறுவாரம் காரணம் சொல்லத் தெரியாமல் நடுங்கினால் கிறுக்கு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று 28 பேர் சங்கிலியோடு எரிந்துபோனது இந்த ஊர்ப்புத்தியால்தான்.

லண்டனில் நவீன நடனம் ஆடிக்கொண்டிருந்த செலஸ்ட் டான்டேக்கர் 1973இல் மேடையிலேயே விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டார். 1991இல் ஆடம் பெஞ்சமினோடு ‘கேன்டோகோ’ குழுவைத் தொடங்கினார். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் நடப்பவர்களும் அதில் சேர்ந்து ஆடினார்கள். நாற்காலியை யாரும் மறைக்கவில்லை. அது சுழல்வதும் ஆட்டம்தான். இதை அறிந்த இரவில் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன். வலது கால் ஊன்ற, இடது கால் இழுபட, தாளம் ஒன்று கிடைத்தது. இரண்டு கால் சரியாக உள்ளவர்களுக்கு அது வராது.

அக்கா மகளின் பள்ளியில் தன்னம்பிக்கை பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பேச மாட்டேன், பத்து நிமிடம் ஆடுகிறேன் என்றேன். கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் சொல்லவில்லை.