கண்டம் ஆனது மெஷினா, மூளையா?

அதாகப்பட்டது மக்களே, பி.காம். படித்த எல்லோருக்கும் தேய்மானம் என்ற பாடம் ஞாபகம் இருக்கும். 50,000 ரூபாய்க்கு ஒரு மெஷின் வாங்குகிறோம். குறைந்து செல் மதிப்பு முறையில் வருஷத்துக்கு 15 சதவீதம் கழித்துக்கொண்டே வந்தால், இருபது வருஷ முடிவில் புத்தகத்தில் 1,938 ரூபாய் நிற்கும். கணக்கு சரி. அந்த 1,938 ரூபாயைப் பார்த்துவிட்டு "மெஷின் செத்துப்போச்சு, எடைக்குப் போடுங்க" என்று ஒருத்தர் கையெழுத்துப் போடுகிறார் பாருங்கள், தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்றைய புலம்பல் பழைய செயின் சா பற்றி. அதாங்க, மரம் அறுக்கிற பெட்ரோல் மெஷின். பேங்க்காரனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நான் குப்பை கொட்டுவது அந்தமானில். போர்ட் பிளேர் (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம், நாக்குதான் இன்னும் பழகவில்லை) மரத்தால் வளர்ந்த ஊர். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோமே சாத்தம் மர ஆலை, அது 1883-ல் வெள்ளைக்காரன் போட்டது. இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்த பள்ளம் இன்னும் அங்கே இருக்கிறது. காட்டு வேலைக்காக பர்மாவிலிருந்து 1925-ல் கரேன் மக்கள் வந்தார்கள், ராஞ்சிப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். படாக் மரத்தையும் கர்ஜன் மரத்தையும் யானை இழுத்த ஊர் இது.

2002 மே மாதம் சுப்ரீம் கோர்ட் உத்தரவு வந்தது. இயற்கைக் காட்டில் வியாபாரத்துக்கு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் விழுந்தது. நல்ல உத்தரவு, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் மரம் விழுவதற்கு கோர்ட் தடை போட முடியாதே! 2013 நவம்பரில் லெஹர் புயல் வந்தபோது எத்தனை மரம் சாய்ந்தது என்று இங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். வடக்கே டிக்லிபூர் வரை போக இருப்பது ஒரே டிரங்க் ரோடு. குறுக்கே ஒரு கர்ஜன் படுத்துவிட்டால் பஸ், ஆம்புலன்ஸ், காய்கறி லாரி எல்லாம் அந்தப் பக்கம் அப்படியே நிற்கும். அப்போது கையில் ஓடுகிற மெஷின் வேண்டும். புது மெஷினும் ஸ்பேர் பார்ட்டும் சென்னையிலிருந்து கப்பலில் வர மூன்று நாள். அதுவும் கப்பல் கிளம்பினால்!

எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணாச்சி ஒருத்தர் இருக்கிறார். சாத்தான்குளம் பக்கம். முப்பது நாற்பது வருஷத்து மெஷினை எல்லாம் பிரித்துக் கோர்த்து ஓட வைப்பவர். ஒரு ஆபீஸில் கண்டம் பண்ணிய செயின் சாக்களைக் குவித்து வைத்து எடைக்கு ஏலம் விட்டார்கள். அதில் ஐந்தை எடுத்து வந்து பிரித்தார். மூன்றில் கார்ப்பரேட்டர் டயாப்ரம் காய்ந்து விறைத்திருந்தது, பெட்ரோல் குழாய் வெடித்திருந்தது. அவ்வளவுதான் நோய்! டயாப்ரம் என்பது சின்ன ரப்பர் தகடு. நான்காவதில் பாயிண்ட் பூத்துப்போயிருந்தது. ஐந்தாவதில் மட்டும்தான் பிஸ்டன் ஜாம்.

அந்த ஐந்தாவது ஏன் போச்சு என்று அவர் சொன்னதுதான் எனக்குப் பாடம். "கிராங்க் ஆயில் சீல் லீக் சார். அது வழியா வெளிக்காத்து உள்ள போகும், பெட்ரோல் பங்கு குறையும். டூ ஸ்ட்ரோக்ல ஆயில் பெட்ரோல்லதான கலந்திருக்கு? அதுவும் சேந்து குறையும். சூடேறிப் பிடிச்சிரும். இவங்க பிளக்கை மட்டும் மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க." பழைய பாகம் கிடைக்காதே என்றேன். கையைக் காட்டினார். சங்கிலி புதுசு. 1940-களில் அமெரிக்காவில் ஜோ காக்ஸ் என்பவர், மரத்தைக் குடையும் புழுவின் வாயைப் பார்த்து வடிவமைத்த பல்தான் இன்றைக்கும் அடிப்படை. பிட்ச்சும் கேஜும் பாருக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பொருந்தினால் பழைய மெஷினில் புதுச் சங்கிலி ஜம்மென்று ஓடும்.

இந்த அண்ணாச்சி ஒரு பேங்க்கில் (எது என்று கேட்காதீர்கள்) கடன் கேட்டார். ஒரு சின்ன லேத், கொஞ்சம் ஸ்பேர் ஸ்டாக், அவ்வளவுதான். பதில் என்ன தெரியுமா? "புது மெஷின் கொட்டேஷன் கொண்டு வாங்க, நாளைக்கே போடலாம். பழைய மெஷினுக்கு இன்வாய்ஸ் எங்கே?" 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் ரிப்பேர் கடைக்கும் தாராளமாக இடம் உண்டு. விதியில் இல்லாத தடை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. புதுசு என்றால் சொத்து, பழசு என்றால் குப்பை, அதை ஓட வைக்கிற கைக்கு மதிப்பே கிடையாது என்பது என்ன பொருளாதாரம் சாமி?

இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள், தெரியும்.

முதல் ஆள்: "மரம் வெட்டுகிற மெஷினுக்கு வக்காலத்தா?" ஐயா, காடு அழிவது அண்ணாச்சியின் பட்டறையால் அல்ல. கிரேட் நிக்கோபார் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்களே, அதற்கான காட்டு நிலம் 130 சதுர கிலோமீட்டருக்கு மேல். அரசாங்க மதிப்பீட்டிலேயே 9.64 லட்சம் மரம். அது பேனாவால் நடப்பது. சாலையில் விழுந்த மரத்தை அறுக்கும் மெஷின் மேல் கோபப்படாதீர்கள்.

இரண்டாவது ஆள்: "பழைய மெஷின் ஆபத்து." இது நியாயமான கேள்வி. பார் எகிறி முகத்துக்கு வரும்போது சங்கிலியை நிறுத்தும் செயின் பிரேக் 1970-களில்தான் பரவியது. அதற்கு முந்தைய மெஷினைக் கூலி ஆள் கையில் கொடுத்து மரம் வெட்டச் சொல்வது பாவம். அதைச் சுத்தம் செய்து காட்சிக்கு வையுங்கள். பிரேக் உள்ளதை ரிப்பேர் செய்து, பிரேக் பிடிக்கிறதா என்று சோதித்து வேலைக்கு அனுப்புங்கள். எது எந்த ரகம் என்று பிரித்துச் சொல்லவும் ஒரு மெக்கானிக்தானே வேண்டும்?

ஆகவே என் கோரிக்கை நான்கு. ஒன்று, கண்டம் பண்ணும் முன் ஒரு மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்து எழுதிக் கொடுக்கட்டும், புத்தக மதிப்பு மட்டும் போதாது. இரண்டு, பட்டறை கொடுக்கும் ரிப்பேர் எஸ்டிமேட்டைக் கொட்டேஷனாக பேங்க்குகள் ஏற்கட்டும். மூன்று, 2022 டிசம்பரில் மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்கு என்று தனி இணையதளமே திறந்தது, விவசாயக் கருவிகளும் அதன் பட்டியலில் உண்டு. கம்பெனிகள் பாகமும் சர்வீஸ் புத்தகமும் தீவு வரைக்கும் அனுப்பட்டும். நான்கு, சாத்தம் மியூசியத்தில் ஓடும் நிலையில் இரண்டு பழைய மெஷின் இருக்கட்டும், பக்கத்திலேயே அதைப் பிடித்து வேலை செய்தவர்கள் பெயரும் இருக்கட்டும்.

ஐந்தாவது நமக்கு. இங்கே குடும்பத்தோடு இருக்கும் நம்மாட்களில் முக்கால்வாசிப் பேர், பையன் ஸ்பேனர் எடுத்தால் "படிக்கிற வேலையைப் பாரு" என்று அதட்டுகிறோம். அண்ணாச்சிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பட்டறையில் ஒரு உதவிப் பையன்கூட இல்லை. அடுத்த புயலுக்கு மரம் விழும்போது மெஷின் ஷெட்டில்தான் இருக்கும். அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர் இருப்பாரா?

டிஸ்கி: லோன் வேண்டுமா என்று கேட்டு யாரும் எனக்குப் போன் போட வேண்டாம். எஸ்டிமேட்டோடு நேரில் வாருங்கள், டீ வாங்கித் தருகிறேன்.