நிலத்தில் தெளித்த மருந்து எங்கே போகிறது?

மருந்து தெளித்த சில நாட்களில் நல்ல மழையொன்று பெய்துவிட்டால் விஷமெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது கண்டமங்கலத்திலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும் குடியானவர் பலருடைய அபிப்பிராயம். இது மனத்துக்குச் சௌகரியமான நம்பிக்கையேயொழிய உண்மையன்று. சில மருந்துகளை மழை கழுவுவதே இல்லை. கழுவப்படுபவையோ பெரும்பாலும் அதே நிலத்துக் கிணற்றையே சென்றடைகின்றன.

உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு போகும்; எண்ணெய்ப் பானையின் பிசுக்கை எத்தனை குடம் ஊற்றினும் போக்காது. மருந்துகளிலும் இவ்விருவகைச் சுபாவம் உண்டு. டி.டி.டி., பி.எச்.சி. முதலியவை பிசுக்கின் இனம். மண்ணிலுள்ள மக்கை இறுகப் பற்றிக்கொள்வன. ஒரு லிட்டர் தண்ணீரில் டி.டி.டி. ஒரு மில்லிகிராமில் பத்திலொரு பங்குகூடக் கரைவதில்லை. கரும்பில் களையை ஒழிக்கத் தெளிக்கும் அட்ரசினோ சுமார் 30 மில்லிகிராம் கரையும்.

மணிலாக் கொல்லைகளில் ஒரு காலத்தில் தாராளமாகத் தூவப்பட்ட பி.எச்.சி. சரக்கில், பூச்சியைக் கொல்லும் காமா என்னும் பகுதி நூற்றுக்கு 10 முதல் 15 பங்கே. மற்றவை வீண் சுமை. அவற்றிலும் பீட்டா என்பது எளிதில் அழியாதது. இந்தியாவில் 1997-ஆம் வருஷம் பி.எச்.சி. தடை செய்யப்பட்டது. தடை உத்தரவு கடைக்குத்தான் செல்லும், மண்ணுக்குள் இறங்காது. மணிலாக்கொட்டை மண்ணுக்குள் விளைவது, எண்ணெய்ச் சத்தும் உள்ளது. பிசுக்கு பிசுக்கையே நாடும். அக்கொடியைத் தின்ற பசுவின் பாலிலும் வெண்ணெயோடு சேர்ந்து அது வீட்டுக்குள் வரக்கூடும்.

மண்ணைப் பற்றிய மருந்து அசையாதென்று எண்ணுவதும் பிழை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டு நிலத்திலிருந்து முதலில் அரிக்கப்படுவது மிக நுண்ணிய மண்ணும் மக்குமே. மருந்து ஒட்டியிருப்பதும் அவற்றில்தான். அவை ஏரியில் வண்டலாகப் படிகின்றன. கோடையில் அவ்வண்டலையே வண்டி வண்டியாக அடித்து மறுபடி நிலத்தில் பரப்புகிறோம். வண்டல் நல்ல எருவென்பதில் சந்தேகமில்லை. ஆயினும் மேல்மண்ணைப் போகவிட்டுப் பின்னர் கூலி கொடுத்துத் திரும்பக் கொணர்வதைவிட, வரப்பை உயர்த்தி அதனை நிலத்திலேயே நிறுத்துவது புத்திசாலித்தனம்.

கரையும் மருந்துகளின் கதை வேறு. மக்கு குறைந்த செம்மணற்பாங்கான நிலத்தில் அவற்றைப் பிடித்து நிறுத்துவார் இல்லை. நிலத்தடி நீரில் சேர்வதை முன்னிட்டே ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் அட்ரசினுக்கு அனுமதி மறுத்தது. நமது குடியானவர்களோ களைக்கொல்லி தெளித்த கையோடு மடையைத் திறந்து வயலை நிரப்புகின்றனர். அம்மருந்துக்கு இலேசான ஈரமே போதும். மழை மூட்டங் கண்டால் தெளிப்பதைத் தள்ளிவைப்பதே தகும்.

தொழுவுரத்தைச் சர்வரோக நிவாரணியாகச் சொல்வாரும் உளர், அது அன்று. டி.டி.டி. போன்றதைத் தொழுவுரம் பிடித்து வைக்குமேயன்றி அழித்துவிடாது. அட்ரசின் போன்றவற்றின் வேகத்தைத் தடுத்து, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைப்பதற்கு அவகாசம் கொடுக்கும். கிணற்றுக்கு மேற்புறத்து நிலங்களுக்கு முதலில் எரு அடிப்பதற்கு இதுவே காரணமாதல் வேண்டும்.

எருவும் வரப்பும் நிலச்சொந்தக்காரர் பொறுப்பு. கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. தெளிப்பான்களைப் பொதுக் கிணற்று மேடையில் கழுவுவதும், காலி டப்பாக்களை வாய்க்காலில் எறிவதும் பல ஊர்களில் கேட்பாரற்று நடக்கின்றன. அங்கே பிடித்து நிறுத்த ஒரு பிடி மண்கூட நடுவில் இல்லை. மருந்து நேரே குடிநீரில் விழுகிறது.