கூடாரம் அடித்தவனுக்குக் கண்ணியவான் பட்டமா?

போன ஞாயிறு மதியம் செஞ்சியில் எங்கள் வீட்டு டிவியில் ‘காதலிக்க நேரமில்லை’ ஓடிக்கொண்டிருந்தது. திண்டிவனத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார் சித்தப்பா. “பாரும்மா, இதுதான் படம். அந்தக் காலத்து ஹீரோல்லாம் பொண்ணுங்ககிட்ட எவ்வளவு கண்ணியமா நடந்துகிட்டாங்க! இப்ப வர்றவனுங்க பூரா பொறுக்கிங்க” என்றார்.

கேட்டுக் கேட்டுக் காது புளித்த பேச்சு இது. கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் இதையேதான் சொல்கிறார்கள்.

அந்தக் கண்ணியவான் அசோக் என்ன செய்கிறான்? எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனின் மகள் நிர்மலாவோடு தகராறு; வேலை போகிறது. உடனே அவள் வீட்டு எதிரிலேயே கூடாரம் அடித்து, ஆள் சேர்த்து, ஆடிப்பாடுகிறான். வேலை கேட்டுப் போராட்டமாம். வீட்டை முற்றுகையிட்டவன்மேல் அந்த வீட்டுப் பெண்ணுக்கே காதல் வந்துவிடுகிறது. பிறகு, கோடீஸ்வரர் சிதம்பரத்தின் வாரிசு என்று அவள் அப்பாவிடம் பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற நண்பன் வாசுவுக்குக் கிழவன் வேஷம். 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். விஸ்வநாதனாக வரும் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் இடத்தில் நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன்தான். அந்தச் சிரிப்பைக் காட்டிக் கூடாரத்தை மறைக்காதீர்கள். எங்கள் வீட்டு வாசலில் எவனாவது கூடாரம் அடித்தால், முதலில் கம்பை எடுப்பவர் சித்தப்பாதான்.

இன்றைய நாயகர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1964இல் கிழவன் வேஷம். 2016இல் ‘ரெமோ’வில், நிச்சயமான பெண்ணை மடக்க நர்ஸ் வேஷம். அதே ஆண்டு ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண்ணை வெட்டிக் கொன்றார்கள். பின்தொடர்வதைக் காதல் என்று காட்டும் சினிமாவைப் பற்றி ஊரே பேசியது. நான்கு மாதம் ஆவதற்குள் ‘ரெமோ’ வந்தது, ஓடியது.

பின்தொடராத நாயகன் அடக்குவான். ‘பட்டிக்காடா பட்டணமா’வில் (1972) லண்டனில் படித்த கல்பனா, சோழவந்தான் மூக்கையனுக்கு அடங்கியாக வேண்டும். அதற்குச் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வேறு. ‘மன்னன்’ (1992) படத்தில் ஒரு கம்பெனியையே கட்டி ஆண்ட சாந்திதேவி கடைசியில் வீட்டோடு அடங்கினால்தான் சுபம். தியேட்டரில் ரஜினிக்கும் கவுண்டமணிக்கும் பரிசு விழும் காமெடி எல்லோருக்கும் மனப்பாடம். அவள் வேலையை விட்டது யாருக்கு நினைவிருக்கிறது?

எங்கள் ஊர்க் கதையும் இதே லட்சணம்தான். செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு மோதி மாண்டான். அவன் வீரத்தைப் பாடுகிறோம், அவன் குதிரையைப் பாடுகிறோம். அவன் மனைவி ராணிபாய்க்கு நாம் கொடுத்த ஒரே காட்சி, தீயில் இறங்குவது. 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தபோதும் பேச்செல்லாம் ராஜாக்களைப் பற்றித்தான்.

பெண்ணைப் பின்தொடர்வது தனிக் குற்றம் என்று சட்டத்தில் ஏறியதே 2013இல்தான். சட்டம் வந்து என்ன? காலையில் செஞ்சி பேருந்து நிலையத்தில் போய் நின்று பாருங்கள். திண்டிவனம் பஸ்ஸில் ஏறும் பெண்களுக்குப் பின்னாலேயே ஏறி, படிக்கட்டில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடி வரும் பையன்களுக்குத் தாங்கள் தவறு செய்கிறோம் என்ற எண்ணமே கிடையாது. இன்னும் நாலு நாள் விடாமல் வந்தால் அவள் சிரிப்பாள் என்று மனசார நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை ஊட்டியது அந்தக் கூடாரம்தான். அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொன்னால் பையனை யாரும் கேட்பதில்லை; அவளைத்தான் படித்தது போதும் என்று நிறுத்துகிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படி நின்றுபோன பெண் இருக்கிறாள். இரண்டாம் வருஷம் பி.எஸ்சி. கணிதம் படித்துக்கொண்டிருந்தவள்.