கேசினோவும் தோற்கும்

சூதாடுபவன் தோற்பான், சூதாட்ட விடுதி நடத்துபவன் தோற்கவே மாட்டான் என்று சொல்லி கேசினோ கம்பெனிப் பங்கை வாங்கச் சொல்லும் ஆசாமிகள் சேலம், நாமக்கல் பக்கமும் உண்டு. பாதி உண்மைதான். மீதிப் பாதி டெல்டா கார்ப்பைக் கேட்டால் தெரியும். பணஜியில் மாண்டோவி ஆற்றில் கேசினோக் கப்பல்கள், கோவாவிலும் டாமனிலும் ஓட்டல்கள் என்று நடத்தும் கம்பெனி. 2023 ஜூலை 11 அன்று ஜிஎஸ்டி கவுன்சில், பந்தயத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத வரி என்றது. மறுநாளே பங்கு 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. செப்டம்பரில், பழைய பாக்கி என்று துணை நிறுவனங்களையும் சேர்த்துச் சுமார் 16,800 கோடி ரூபாய்க்கு நோட்டீஸ். கம்பெனியின் மொத்தச் சந்தை மதிப்பு அதில் பாதிகூட இல்லை! நோட்டீஸை எதிர்த்துக் கம்பெனி நீதிமன்றம் போனது. 2025 செப்டம்பரில் வரி 40 சதவீதமானது.

மேஜையில் சீட்டுப் போடுவது கம்பெனி. வரியும் உரிமமும் அரசு கையில். ஒரே இரவில் லாட்டரிக் கடைகள் மூடப்பட்டதை 2003-இல் தமிழ்நாடே பார்த்ததே. மக்காச்சோளம் மூட்டைக்கு ஐம்பது ரூபாய் ஏறினால் முட்டைக்கு எத்தனை காசு கூடும் என்று விரல்விட்டுச் சொல்லும் கோழிப்பண்ணைக்காரர், இந்தப் பங்கை மட்டும் யாரோ சொன்னார் என்று வாங்குகிறார். ஆண்டறிக்கையில் வரி வழக்குகள் பற்றிய பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். ஊரார் யோசனையைவிட அந்தப் பக்கம் நம்பகமானது.