கீழாநெல்லியைச் சோதியுங்கள்!

வரப்போரத்தில் தானாக முளைக்கிறது; யாரும் விதைப்பதில்லை, நீர் வார்ப்பதுமில்லை. சின்னஞ்சிறு இலைகளின் கீழே நெல்லிக்காய் வடிவில் மணிமணியாய்க் காய்கள். அதுதான் கீழாநெல்லி! கண் மஞ்சளானதும் அதை அரைத்து மோரில் கலந்து குடிப்பது நம் ஏழைக் குடும்பங்களின் பழைய வழக்கம்.

அந்த ஏழையின் மூலிகை 1988ல் கடல் கடந்து பேசப்பட்டது. காமாலைக் கிருமிகளில் கொடியதான ஹெபடைடிஸ் 'பி'யை நெடுநாள் உடலில் சுமந்தவர்களுக்குச் சென்னை ஆராய்ச்சியாளர்கள் கீழாநெல்லித் தூளை 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. மருந்தில்லாத வெறும் பொடி உண்ட 23 பேரிலோ, ஒரே ஒருவருக்குத்தான்! லண்டன் 'லான்செட்' ஏடு அதை வெளியிட்டது. அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976ல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கும் அந்த ஆய்வில் பங்கு கொண்டவர்.

பெருமைதான். பெருமையோடு நின்றுவிடலாமா? பின்னர் தாய்லாந்திலும் பிற இடங்களிலும் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. ஏன்? செடியின் வேறுபாடா? மண்ணின் வேறுபாடா? முதற் சோதனை சிறியதாக இருந்ததாலா? விடை தேடுவது விஞ்ஞானம். கேள்வியையே மறைப்பது மூடத்தனம்.

"பாட்டன் சொன்னான், போதும்" என்பார் ஒரு சாரார். "பச்சிலையா? பத்தாம்பசலி!" என்று இகழ்வார் மறு சாரார். சோதிக்காமலே தீர்ப்பளிப்பதில் இரு சாராரும் ஒன்றே!

தோழர்களே! காமாலை ஒரே நோயன்று. கெட்ட தண்ணீரால் வருவது பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அப்போது எதைக் குடித்திருந்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். 'பி' கிருமியோ இரத்தத்தின் வழி பரவி, அரவமின்றி ஈரலை அரிக்கும். பித்தக்கல்லாலும் குடியாலும் கூடக் கண் மஞ்சளாகும். எனவே கண் மஞ்சளானால் முதலில் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; இரத்தத்தைச் சோதியுங்கள். பச்சிலையை மட்டும் நம்பிக் காத்திருந்தால் உயிரே போகக்கூடும். 'பி'யைத் தடுக்க ஊசி உண்டு. பிறந்த 24 மணி நேரத்திற்குள் உங்கள் குழந்தைக்குப் போடச் சொல்லுங்கள்.

அரசினரைக் கேட்கிறோம்: ஒன்றுபோல் தோன்றும் செடிகளை இனம் பிரித்து, அளவை வரையறுத்து, கீழாநெல்லியைப் பெரிய அளவில் நேர்மையாகச் சோதியுங்கள். பலித்தால் அரசு மருந்தகங்களில் விலையின்றிக் கொடுங்கள். பலிக்காவிட்டால் அதையும் ஊரறியச் சொல்லுங்கள். உழைப்பவன் உயிர் ஊகத்திற்குப் பலியாகலாகாது!