பாட்டுக்குப் பட்டமா? வாய்ப்பூட்டுக்குப் பட்டமா?

கல்பாக்கம், புதுப்பட்டினம், சதுரங்கப்பட்டினம் ஆகிய இடங்களிலுள்ள நமது தோழர்களில் சங்கீதப் பிரியர்கள் பலர் உண்டு. மார்கழி வந்தால் வேலையை முடித்துக்கொண்டு பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்க் கச்சேரி கேட்டுவிட்டு, பாதி ராத்திரியில் வீடு திரும்புகிறவர்கள்கூட உண்டு. இவர்களுக்குள் சில காலமாக ஒரு தர்க்கம் ஓயாமல் நடந்து வருகிறது. பாடகர் தோழர் டி.எம். கிருஷ்ணாவுக்குச் சென்னை மியூசிக் அகாடமியார் 'சங்கீத கலாநிதி' பட்டம் கொடுத்தது சரியா, தப்பா? அவர் பொது விஷயங்களில் பேசிய பேச்சுக்கும் அவர் பாட்டுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா? என்பதே அத்தர்க்கம். இது டீக்கடையில் ஆரம்பித்துச் சிநேகத்தை முறித்துக்கொள்ளும் வரையில் போயிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். ஆகவே இதைப்பற்றி நமது அபிப்பிராயத்தை ஒளிவு மறைவு இல்லாமல் சொல்லிவிடுவது நலமென்று கருதுகிறோம்.

நடந்தது என்ன?

2024-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அகாடமியார் இப்பட்டத்தை அறிவித்தார்கள். அறிவித்த சில நாளைக்குள் பாடகிகள் ரஞ்சனி, காயத்ரி சகோதரிகள், அவ்வருஷத்து டிசம்பர் மாநாட்டிலும் கச்சேரியிலும் தாங்கள் கலந்துகொள்ளப் போவதில்லை என்று அறிக்கை விட்டார்கள். திருச்சூர் சகோதரர்களும், ஹரிகதை செய்யும் துஷ்யந்த் ஸ்ரீதரும் அப்படியே விலகினார்கள். சித்திரவீணை ரவிகிரண், 2017-ல் தமக்குக் கொடுத்த அதே பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். கிருஷ்ணா சங்கீத உலகத்தைக் கேவலப்படுத்தினார், தியாகராஜர், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் போன்றவர்களுக்கு மரியாதைக் குறைவு செய்தார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரியாரைப் புகழ்ந்தார் என்பவைதான் சகோதரிகளின் அறிக்கையில் கண்ட குற்றங்கள். அகாடமியின் தலைவராயிருந்த என். முரளி, சங்கீதத்தில் நீண்டகாலமாகக் காட்டிய திறமையைப் பார்த்தே பட்டம் கொடுக்கிறோம், வேறு எதையும் பார்ப்பதில்லை என்று பதில் எழுதினார்.

வாசகர்கள் இந்தக் குற்றப்பட்டியலை நன்றாய்க் கவனிக்க வேண்டுகிறோம். கிருஷ்ணாவுக்குச் சுருதி சேரவில்லை, தாளம் நிற்கவில்லை, ராகத்தின் லட்சணம் தெரியவில்லை என்பதற்காகவா இவர்கள் விலகினார்கள்? இல்லை. பாட்டுக்காரர்கள் பாட்டுப் பட்டத்தை ஆக்ஷேபிக்கிறபோது, பாட்டைப்பற்றிய ஆக்ஷேபணையைத்தானே முன்னால் வைக்க வேண்டும்? கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் யந்திரம் ஓட்டுவதில் கெட்டிக்காரர் ஒருவருக்கு வேலைத் திறமைக்காகப் பரிசு கொடுத்தால், அவர் நெற்றியில் என்ன பூசுகிறார், எந்தத் தலைவரைப் புகழ்கிறார் என்றா கணக்குப் பார்ப்பது? அப்படிப் பார்த்தால் அது வேலைக்குக் கொடுத்த பரிசாகாது. வாயை மூடிக்கொண்டிருப்பதற்குக் கொடுத்த கூலியேயாகும்.

விலகிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. பாடுவதற்கு உரிமை இருப்பதுபோல, பாடமாட்டேன் என்பதற்கும் உரிமை உண்டு. ஆனால் ஒருவன் தனக்குப் பிடிக்காத அபிப்பிராயத்தைச் சொன்னான் என்பதற்காக அவனுக்குத் தொழிலில் கிடைக்கும் மரியாதையைத் தடுக்க வேண்டும் என்பது உரிமை ஆகாது. அது ஜாதிக்கட்டுப்பாட்டின் குணமேயாகும். கிராமத்தில் தண்ணீரையும் நெருப்பையும் நிறுத்துகிறவர்கள் பட்டணத்து சபையில் பட்டத்தை நிறுத்தப் பார்க்கிறார்கள். புத்தி ஒன்றுதான், இடந்தான் வேறு.

பெரியாரைப் புகழ்ந்தது குற்றமாம்!

பெருமாள்முருகன் பெரியாரைப்பற்றி எழுதிய பாட்டைக் கிருஷ்ணா பாடினார். பெரியாரோ பார்ப்பனர்களை அடியோடு அழிக்கச் சொன்னவர். ஆகவே அவரைப் பாடினவரும் கொலைபாதகத்துக்கு உடந்தை என்பது சகோதரிகளின் அறிக்கையிலிருந்து கிடைக்கும் தாத்பரியம்.

இதற்கு நாம் கோபப்பட வேண்டியதில்லை. சரித்திரத்தைக் காட்டினால் போதும். பெரியார் 1879-ல் பிறந்து 1973 வரை வாழ்ந்தவர். பார்ப்பனீயத்தை அவர் திட்டிய திட்டுக்கு அளவில்லை என்பதை நாமே ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் 1948-ல் காந்தியார் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கொன்றவன் பார்ப்பனன் என்பதற்காகப் பம்பாய் மாகாணத்தில் ஒரு பாவமும் அறியாத பார்ப்பனர் வீடுகளெல்லாம் கொளுத்தப்பட்டன. அன்று தமிழ்நாட்டில் ஜனங்களை அமைதியாயிருக்கச் சொன்னவர் பெரியார். பார்ப்பனரைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு இருந்திருந்தால் அதைவிட வாய்ப்பான நாள் வேறு கிடைத்திருக்குமா? நெருப்பு எரிந்த நாளில் தண்ணீர் ஊற்றினவரைத் தீ வைத்தவர் என்று சொல்லுவது எந்த ஊர் நியாயம்?

தவிரவும், கிருஷ்ணாவே பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர். அவரை ஆக்ஷேபித்தவர்களிலும் பார்ப்பனர் உண்டு, ஆதரித்தவர்களிலும் பார்ப்பனர் உண்டு. ஆகையால் இது பிறவிச் சண்டையல்ல. உயர்வு தாழ்வு இருக்கட்டும் என்கிற புத்திக்கும், ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கிற புத்திக்கும் நடக்கும் சண்டையேயாகும்.

பட்டத்தின் யோக்கியதை

சங்கீதத்தில் அரசியலைக் கொண்டுவந்து புகுத்தியவர் கிருஷ்ணாதான் என்று சில ரசிகர்கள் வருத்தப்படுகிறார்கள். அவர் பிறந்ததே 1976-ல். அதற்கு முன் அங்கு அரசியல் இல்லாமலா இருந்தது? மியூசிக் அகாடமியே 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மகாநாட்டை ஒட்டிப் பிறந்து, 1928-ல் ஏற்பட்டது. 1941-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழிசை மகாநாடு கூடி, தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப்பாட்டுக்கு முதலிடம் வேண்டுமென்று கேட்டபோது, அதை எதிர்த்து நின்றவர்கள் யார்? இதே அகாடமியார்தான். தமிழன் தமிழில் பாட்டுக் கேட்டால் அது அரசியல். தெலுங்கும் சமஸ்கிருதமுந்தான் சங்கீத பாஷை என்றால் அது மட்டும் சுத்த சங்கீதமோ?

'சங்கீத கலாநிதி' என்ற பட்டம் 1942-ல் ஏற்பட்டது. ஒரு பெண்ணுக்கு அது முதன்முதல் கிடைத்தது 1968-ல், எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாருக்கு. இடையில் 26 வருஷம் இந்நாட்டில் பாடத் தெரிந்த பெண்ணே இல்லையா? நாதசுரச் சக்கரவர்த்தி என்று உலகம் கொண்டாடிய திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை 1956-ல் இறந்தார். தோடி என்றால் அவர் பேரைச் சொல்லாத ரசிகர் உண்டா? அவருக்கு இந்தப் பட்டம் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. அதனால் அவர் நாதசுரத்தின் நாதம் ஒரு கடுகளவு குறைந்ததா? பட்டத்துக்குத்தான் நஷ்டம்.

நாதசுரக்காரர்கள் நடத்தப்பட்ட விதம் நமது இயக்கத்தாருக்குத் தெரியாததல்ல. பெரிய மனிதர்கள் வீட்டு ஊர்வலத்தில் அவர்கள் தோளில் துண்டு போட்டுக்கொண்டு வாசிக்கக் கூடாது என்ற வழக்கம் இருந்தது. 1930-ஐ ஒட்டிச் செட்டிநாட்டில் கானாடுகாத்தானில் ஒரு கலியாணத்தில் வித்வான் சிவக்கொழுந்தைத் துண்டை எடுக்கச் சொன்னபோது, எடுக்காதே, வாசி என்று பக்கத்தில் நின்றவர் நமது பட்டுக்கோட்டை அழகிரி. வியர்வையைத் துடைக்கும் ஒரு முழத் துண்டுக்கு அன்று அவ்வளவு போராட்டம் வேண்டியிருந்தது. இதெல்லாம் சங்கீதத்துக்குள் இருந்த அரசியல் அல்லாமல் வேறென்ன?

அவர் சொன்னது பொய்யா?

ஒரு மனிதன் சொன்னதைக் கேட்டுக் கோபம் வந்தால் முதலில் விசாரிக்க வேண்டியது, அவன் சொன்னது மெய்யா, பொய்யா என்பதே. அந்த ஒரு கேள்வியை மட்டும் இந்த ரசிகர்கள் கேட்பதேயில்லை.

மிருதங்கம் செய்கிறவர்களைப்பற்றிக் கிருஷ்ணா 2020-ல் ஒரு புஸ்தகம் வெளியிட்டார். மிருதங்கத்துக்குப் பசுத்தோலும், எருமைத்தோலும், ஆட்டுத்தோலும் வேண்டும். அத்தோலைத் தேடிக் கொண்டுவந்து, பதம் பார்த்து, அறுத்து, இழுத்துக் கட்டி, நாதம் வரச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வகுப்பார். வாசிக்கிறவருக்கு மேடையும் மாலையும், செய்கிறவருக்குப் பேர்கூட இல்லை என்பது அதன் சாரம். இதில் எது பொய்? மிருதங்கம் மரத்தில் காய்க்கிறதா? அதன் வெளியீட்டு விழாவுக்கு இடம் கொடுப்பதாயிருந்த கலாக்ஷேத்திரா, விஷயம் தெரிந்ததும் இடம் இல்லையென்று சொல்லிவிட்டது. பசுத்தோல் மடியில் இருந்தால் தோஷமில்லை. காகிதத்தில் எழுதினால் தோஷம்!

2015 முதல் சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் மீனவர் தெருவில் கச்சேரி வைக்க அவர் பாடுபட்டார். அதே கடற்கரையோரமாகத் தெற்கே வந்தால் நம் சதுரங்கப்பட்டினம் குப்பம். இங்குள்ள பிள்ளைகளுக்குக் காதில்லையா? சாவுக்குப் பறை அடிக்கிறவன் கையில் தாளமில்லையா? சபாவின் படியை அவர்கள் மிதிக்காததற்குக் காரணம் அறிவுக் குறைவா, அழைப்புக் குறைவா?

எம்.எஸ். அம்மையாரைப்பற்றி 2015-ல் கிருஷ்ணா எழுதிய கட்டுரையும் இத்தகையதே. மதுரையில் வீணை சண்முகவடிவு அம்மாளுக்குப் பெண்ணாய், தேவதாசி மரபில் பிறந்த ஒருவரை, பார்ப்பனக் குடும்ப ஸ்திரீயின் சாயலில் மாற்றி எடுத்த பிறகுதானே உயர்ந்த சமூகத்தார் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள் என்பது அவர் கிளப்பிய கேள்வி. இது அம்மையாருக்கு அவமானமா, அவரை அப்படி மாறச் செய்த சமூகத்துக்கு அவமானமா?

இதை வைத்து அம்மையாரின் பேரன் நீதிமன்றத்துக்குப் போனார். 'இந்து' பத்திரிகையார் 2005 முதல் அம்மையார் பேரால் ஒரு லட்ச ரூபாய் விருதை இப்பட்டத்தோடு சேர்த்துக் கொடுத்து வந்தார்கள். தம் பேரால் நினைவுச்சின்னம் எதுவும் வேண்டாமென்று அம்மையார் உயில் எழுதியிருப்பதாகவும், அவரைக் குறைத்துப் பேசியவருக்கு அவர் பேரில் விருது கூடாதென்றும் பேரன் வழக்காடினார். 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, பட்டம் கொடுக்கலாம், அம்மையார் பேரைச் சேர்க்கக் கூடாது என்றார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அத்தடையை நீக்கினார்கள். 16-12-2024-ல் உச்சநீதிமன்றம், கிருஷ்ணா தம்மை அம்மையார் பேரிலுள்ள விருதைப் பெற்றவராகக் காட்டிக்கொள்ளக் கூடாதென்று இடைக்கால உத்தரவு போட்டது. சட்டத்தைப்பற்றி நாம் பேசவில்லை. நியாயத்தைப்பற்றி ஒன்று கேட்கிறோம். 2005 முதல் வருஷந்தோறும் அவ்விருது கொடுக்கப்பட்டபோது வழக்குக்கு வராத அந்த உயில், கிருஷ்ணாவின் பேர் வந்தவுடன் மட்டும் வழக்கேறியதேன்?

நமது தோழர்களுக்கும் ஒரு வார்த்தை

நிற்க, எதிரிகளுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டு நிறுத்துவது நமது வழக்கமல்ல. கிருஷ்ணாவுக்குப் பட்டம் வந்ததும் நமது தோழர்கள் சிலர், இயக்கமே ஜெயித்துவிட்டதுபோல் மிட்டாய் வழங்கினார்கள் என்று கேள்வி. இது என்ன பகுத்தறிவு? இராஜரத்தினத்துக்கு மறுத்ததால் மதிப்பற்றதாக நாம் சொல்லும் பட்டம், நமக்கு வேண்டியவருக்குக் கொடுத்ததும் மதிப்புள்ளதாகிவிடுமா? 2015-ல் டிசம்பர் கச்சேரிகளை வேண்டாமென்று விட்டுப் போன கிருஷ்ணா, 2024-ல் பட்டத்தை ஏற்று அதே மேடையில் பாடினது பொருத்தமா என்று ஒருவர் கேட்டால், அவரைத் துரோகி என்று சொல்லக் கூடாது. அது நியாயமான கேள்வி. உள்ளே போய்த்தான் மாற்ற வேண்டும் என்று சொல்லவும் இடமுண்டு. போனவரை மேடைதான் மாற்றும் என்று சொல்லவும் இடமுண்டு. கிருஷ்ணா சொன்னதால் ஒன்று மெய்யாகிவிடாது. மெய்யாயிருந்தால் யார் சொன்னாலும் ஏற்க வேண்டும். சாமியை இறக்கிவிட்டுப் பாடகரைப் பீடத்தில் ஏற்றுவதற்காகவா பெரியார் அத்தனை காலம் தொண்டை வறளக் கத்தினார்?

மற்ற ரசிகர்களுக்கோ நமக்குப் பக்கத்து மலையைக் காட்டுகிறோம். திருக்கழுக்குன்றத்தில் தினமும் நடுப்பகலில் கழுகு வந்து பொங்கல் தின்றது. அது காசியிலிருந்து பறந்து வருகிறதென்றும், அதுதான் மலையின் மகிமை என்றும் சொன்னார்கள். பிறகு கழுகு வருவது நின்றே போயிற்று. மலை இடிந்து விழவில்லை. அப்படியே, கேள்வி கேட்கிறவன் ஒருவன் கலாநிதியானதால் சங்கீதமும் செத்துப் போகவில்லை. 2025-ம் வருஷம் பிறந்த அன்று பட்டம் கொடுத்தார்கள். சபா கூரையும் விழவில்லை, தம்பூராவின் தந்தியும் அறுந்து போகவில்லை.

ஆகவே தோழர்களே! இந்தத் தர்க்கத்தில் சிநேகத்தை முறித்துக்கொள்ளாதீர்கள். பாட்டைக் காதால் கேளுங்கள். பேச்சை அறிவால் விசாரியுங்கள். பட்டத்தை இரண்டுக்கும் அளவுகோலாக வைக்காதீர்கள். வருகிற மார்கழியில் சென்னைக்கு பஸ் ஏறுவதற்கு முன்னால், ஒரு நாளாவது சதுரங்கப்பட்டினம் குப்பத்திலேயே ஒரு மேடை போட்டு, நாதசுரக்காரரையும், பறைக்காரரையும், படகுப்பாட்டுப் பாடும் மீனவரையும், மிருதங்கம் கட்டுகிறவரையும் ஒரே வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, தோளில் துண்டோடு பாடவும் வாசிக்கவும் செய்யுங்கள். பட்டம் கொடுக்க வேண்டாம். பேரைச் சொல்லி, கூலியைக் கொடுத்து, கூட இருந்து சாப்பிட்டு அனுப்புங்கள். பட்டத்தைப்பற்றிப் பத்து வருஷம் தர்க்கம் செய்வதைவிட அதுவே மேலான வேலையென்று வற்புறுத்திச் சொல்லுகிறோம்.